மைக் அத்தானும் மலிவு விலைக் கார்டும்

ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவனுக்கு மின்சாரத்தில் ஓடும் எல்லாமே தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நினைப்பு. டி.வி. தெரியவில்லையா, அவனைக் கூப்பிடு. போனில் எழுத்து சின்னதாகிவிட்டதா, அவனைக் கூப்பிடு. நானும் எனக்குத் தெரியாது என்று ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அத்தானைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என்னைப் பற்றி ஆரம்பிக்கிறேன் பாருங்கள், என் புத்தி அப்படி.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பாளராக இருந்தார். நிலையத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓட்டுநர், நடத்துநர், பழக்கடைக்காரர், கழிப்பறைக்குச் சீட்டுக் கிழிப்பவர் எல்லோருக்கும் அவர் 'மைக்'. மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடி அறை அவருடைய அலுவலகம். ஒரு மேசை, ஒரு மைக், புறப்படும் நேரங்கள் எழுதிய நீளமான நோட்டு, தலையை ஆட்ட மறுக்கும் ஒரு மேசை விசிறி. நிமிர்ந்து உட்கார்ந்தால் படிக்கட்டின் அடிப்பக்கம் தலையில் இடிக்கும். அதனால் அவருக்கு லேசான கூன் விழுந்துவிட்டது. குரலில் மட்டும் அந்தக் கூன் இல்லை.

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அவர் ஆரம்பித்தால் அழுதுகொண்டிருக்கும் குழந்தைகூட ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கேட்கும். மிகைப்படுத்தவில்லை, நானே பார்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசிக்கிற ஆளும் இல்லை அவர். ஒருநாள், ஐந்தாம் நடைமேடையில் குடையை விட்டுவிட்டுப் போனவர் வந்து எடுத்துக்கொள்ளவும், வெளியே மழை அவருக்காகத்தான் காத்திருக்கிறது என்று சொன்னாராம். மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். மறுநாள் அத்தான் மைக்கில் வேறு ஏதோ சொன்னார். என் அக்காவே தவறவிட்ட கைப்பையை வாங்கிக்கொள்ளப் போய்த்தான் அவரைப் பார்த்தாள். பையைக் கொடுத்தவர், உள்ளே உடைந்துபோன அரைச் சீப்புதான் இருக்கிறது, மீதி அரைச் சீப்பை அறிவிக்கட்டுமா என்று கேட்டாராம். அந்தக் கதையை இருவரும் சேர்ந்து சொல்லி நான் நூறு முறை கேட்டிருப்பேன்.

வீட்டிலும் அதே கூத்துதான். சட்டையில் பட்டன் அறுந்தால், வீட்டில் உள்ளவர்களின் கனிவான கவனத்திற்கு என்று கூடத்திலிருந்து அறிவிப்பு வரும். மற்ற நேரங்களில் அக்காவை 'ஏம்மா' என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் குடும்பம் நடத்தினார். பசிக்கு ஒரு ஏம்மா, கண்ணாடியைக் காணவில்லை என்றால் ஒரு ஏம்மா, தப்புச் செய்துவிட்டு வந்து நிற்கும்போது ஒரு ஏம்மா. எதுவும் வேண்டாமல் சும்மா கூப்பிடுவதும் உண்டு. அதற்கு மட்டும் அக்கா பதில் சொல்ல மாட்டாள், உள்ளே இருந்தபடியே சிரிப்பாள்.

ஐம்பத்து மூன்று வயதில் அவருக்குத் தொண்டை கட்டியது. ஜலதோஷம் என்றார், பஸ் புகை என்றார், கூட்ட நாளில் அதிகம் கத்திவிட்டேன் என்றார். நான்கு மாதம் அப்படியே ஓட்டினார். கடைசியில் டாக்டர் பார்த்துவிட்டுக் குரல்வளையை மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும், உயிர் தங்கும், குரல் தங்காது என்று சொல்லி ஐந்து வாரம் தள்ளித் தேதி குறித்துக் கொடுத்தார். சிகரெட்டைத் தொடாத மனுஷன். அன்று வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், இப்போதிருந்தே பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை என்றார். அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். வழி ஒன்று உண்டு என்று சொன்னவர் அவர்தான். குரல் இருக்கும்போதே நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிந்து வைத்தால், அதைக் கொண்டு ஒரு நிறுவனம் அதே குரலைச் செய்து கொடுக்குமாம். அப்புறம் கையடக்கத் திரையில் எழுதினால் போதும், அவர் குரலிலேயே பேசும். செலவை அந்த நிறுவனமே ஏற்கும், அதற்கு அனுமதிக் கடிதம் வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பதிவுகளைப் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு என்றும் சொல்லியிருந்தார். ஆயிரத்து அறுநூறு வாக்கியம் கொண்ட ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். 'நீலக் குடை நாற்காலியின் மேல் ஈரமாக இருக்கிறது' என்கிற மாதிரி வாக்கியங்கள். அத்தான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குடை என்னை விடாது போலிருக்கிறது என்றார்.

படுக்கையறைதான் பதிவறை. ஜன்னலில் கம்பளி. துணி அலமாரியின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, தொங்கும் சட்டைகளுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தார். சட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நிலையத்திலிருந்து பழைய மைக்கைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கொடுத்த வாக்கியங்களைப் பேசி முடித்ததும் தன்னுடையதைப் பேசினார். கேலி, திட்டு, கணக்கில்லாத ஏம்மா. சட்டைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் ஏம்மா ஏம்மா என்று விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது. பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

முதல் வாரமே அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மூன்று நாள் பதிவு காலி. அவர் அப்படிக் கலங்கி நான் பார்த்ததே இல்லை. மூன்று நாள் என்றால் ஆறு மணி நேரக் குரல். அந்த மூன்று நாளில் இருந்த தொண்டை இப்போது இல்லை, நாளுக்கு நாள் கரகரப்பு ஏறிக்கொண்டிருந்தது. டிக்கெட் முன்பதிவு அறையில் இருந்த கம்ப்யூட்டர்களில் இரண்டு டிஸ்க் இருக்கும், ஒன்று செத்தாலும் இன்னொன்றில் அப்படியே இருக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, என்ன செலவானாலும் சரின்னு சொல்ற நிலமையில நான் இல்ல. ஆனா ஒண்ணு போனா ஒண்ணு இருக்கணும். நீ பாத்துச் செய்."

அதற்கு ஒரு கார்டு வேண்டும். ரெய்டு கார்டு என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் செருகினால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் எழுதும். வீட்டுக்கு ரெய்டு வருதாம், பணத்தையெல்லாம் ஒளிச்சு வை என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தார் அத்தான். இருமலில் போய் முடிந்தது அந்தச் சிரிப்பு.

ஒன்பது நாள் அலைந்தேன். அதுவரை என்னுடைய பழைய டிஸ்க் ஒன்றைக் கொடுத்து அதில் பதியச் சொல்லியிருந்தேன். காலையில் மூன்று ஜெராக்ஸ் மெஷின், மத்தியானம் பழைய சாமான் கடைகள், சாயங்காலம் உட்கார்ந்து படிப்பது. பெரிய நிறுவனங்களில் கழற்றிப் போட்ட கார்டுகள் மலிவாகக் கிடைத்தன. தொட்டால் சுடும், தனியாக விசிறி வைக்க வேண்டும், கார்டு செத்தால் அதே மாதிரிக் கார்டைத் தேடிப் பிடிக்கும் வரை டிஸ்க்கைப் படிக்க முடியாது. அது வேண்டாம். பெயரே இல்லாத புதிய கார்டு ஒன்று இருந்தது, அட்டைப் பெட்டியின் விலைக்கே கொடுத்தான் கடைக்காரன். அதில் ஈயம் பற்றவைத்திருந்த லட்சணத்தைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் அத்தானிடமிருந்து போனில் குரல் செய்தி வரும். கார்டு வந்துச்சா, என்னாச்சு, கார்டு செய்யறாங்களா இல்ல பயிரு வைக்கறாங்களா என்று. கேட்டுவிட்டு அழித்துவிடுவேன். என் போனில் எப்போதும் இடம் இருக்காது, முழுக்க ஜெராக்ஸ் மெஷினின் டிரம்மும் டோனருமாகப் படம் எடுத்து வைத்திருப்பேன்.

கடைசியில் ஒரு கடையில் கிடைத்தது. கடைக்காரர் வார்த்தைக்கு வரி கட்டுவது போலப் பேசுகிறவர். சின்னக் கார்டு, இரண்டு டிஸ்க்குக்கு மட்டும். கார்டே செத்தாலும் டிஸ்க்கைக் கழற்றி எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் படிக்கும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அதன் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு பஸ்ஸர் இருந்தது. டிஸ்க்கில் ஏதாவது ஆனால் கத்துமாம். பஸ்ஸர் இல்லாத இன்னொரு கார்டு இன்னும் குறைந்த விலையில் இருந்தது. நான் அதையும் இதையும் மாறி மாறிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"இதையே எடுங்க. விலைதான் கம்மி, சரக்கு நல்ல சரக்கு. சும்மா கத்தாது. கத்துச்சுன்னா என்னன்னு பாருங்க."

இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள், ஒன்றாகச் செய்தது ஒன்றாகவே போகும் என்றும் சொன்னார். வேறு பெட்டி இரண்டு நாளில் வரும் என்றார். இரண்டு நாள் யார் காத்திருப்பது? ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே மாட்டினேன், பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அதில் ஏற்றினேன். அத்தானுக்குச் செய்து காட்டாமல் தீராது. அவருடைய குரலை ஓடவிட்டேன். நீலக் குடை ஈரமாக இருந்துகொண்டிருந்தபோதே ஒரு டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினேன். கார்டு வீறிட்டது. குரல் நிற்கவில்லை, குடை பாட்டுக்கு நாற்காலியின் மேல் இருந்தது. அத்தான் கை தட்டினார். கத்துவதைக் கேட்டு, நம்ம சாதிதாண்டா இது என்றார். வயரைச் செருகினேன். இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் எல்லாம் சரியாகிவிட்டது. என் பழைய டிஸ்க்கை அழித்து எடுத்துக்கொண்டு போனேன். இதையும் எழுதத்தான் வேண்டும். அழிக்காமல் ஒரு பைக்குள் போட்டு வைத்திருந்தால் முதல் பாதியாவது இன்றைக்கு இருந்திருக்கும். ஒன்று போனால் ஒன்று இருக்கிறதே, மூன்றாவது எதற்கு என்று நினைத்தேன். எனக்கு அந்தக் கார்டின் மேல் அவ்வளவு பெருமை.

அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு கார்டு ஒருமுறை கத்தியது. போய்ப் பார்த்தேன், வயர் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அழுத்தினேன், அடங்கியது. பட்ஜெட் கார்டு அல்லவா, கொஞ்சம் பதற்றக்காரனாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அந்தப் பேச்சு எனக்கே பிடித்துப்போய் இரண்டு பேரிடம் சொன்னேன்.

சிகிச்சைக்கு முந்தைய நாளோடு அத்தான் மொத்தம் நாற்பத்தொரு மணி நேரப் பதிவை முடித்திருந்தார். மறுநாள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் மருத்துவமனை. கழுத்தில் ஒரு ஓட்டை, அதில் மூச்சு. வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாக இருந்தார். கையில் ஒரு சிலேட்டு. அவரைக் கட்டிலில் படுக்கவைத்து அக்கா கம்ப்யூட்டரைப் போட்டாள். அவர் கேட்டது அதைத்தான், தன் குரலைக் கேட்க வேண்டும். போட்ட பத்தாவது நிமிடம் கார்டு கத்த ஆரம்பித்தது.

அக்கா போன் செய்தாள். நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன், பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். உள்ளே நுழைந்தால் அந்தச் சத்தம் காதைக் கிழிக்கிறது. அத்தான் முகத்தைச் சுளித்தபடி கண்ணை மூடியிருந்தார். சத்தம் வந்தால் அவருக்கு இருமல் வந்தது, இருமினால் கழுத்தில் ரத்தம் கசிந்தது. முதலில் சத்தத்தை நிறுத்துடா, மற்றதை அப்புறம் பார் என்றாள் அக்கா.

எங்கள் தொழிலில் இது தினசரிப் பாடம். ஜெராக்ஸ் மெஷின் எதற்கெடுத்தாலும் கத்தும். பேப்பர் இல்லையென்றால் கத்தும், மூடி சரியாக மூடவில்லையென்றால் கத்தும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது, சார் இந்தச் சத்தத்தை நிறுத்திட்டுப் போங்க என்பதைத்தான். அதனால் என் பையில் எப்போதும் தடித்த கறுப்பு டேப் இருக்கும். பஸ்ஸரின் துளை மேல் நான்கு மடிப்பு ஒட்டினால் கொசு முனகுகிற அளவுக்குக்கூடக் கேட்காது. பத்தொன்பது வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு மெஷினும் அதனால் செத்ததில்லை.

வயரை அழுத்தினேன். அடங்கவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பெட்டி வந்திருந்தது, பாதி படித்துவிட்டு மூடினேன். பதிவு ஒன்றை ஓடவிட்டேன், ஓடியது. இன்னொன்று, அதுவும் ஓடியது. ஒரு டிஸ்க் செத்துப்போனாலும் எல்லாம் அப்படியே ஓடும் என்பதற்காகத்தானே அந்தக் கார்டை வாங்கினேன், நான்தானே வயரைப் பிடுங்கிக் கைதட்டல் வாங்கினேன். அந்த நிமிடத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை. ஓடுகிறது, அதனால் எல்லாம் சரி என்று நினைத்தேன். டேப்பை எடுத்து நான்கு மடிப்பு ஒட்டினேன். அறை அமைதியானது. அத்தான் கண்ணைத் திறந்து சிலேட்டை இழுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதினார். 'கார்டு?'

"ஒண்ணுமில்ல அத்தான். சும்மா கத்துது. ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்."

அவர் தலையாட்டினார். என்னை நம்பினார் என்று எழுதக் கை கூசுகிறது.

முதல் ஞாயிறு நல்ல மழை. அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடம் ஒன்றில் வினாத்தாள் அடிக்கும் மெஷின் நின்றுவிட்டது. மூன்றாவது ஞாயிறு போனேன், அத்தான் கொஞ்சம் தெளிவாக இருந்தார், பேசிக்கொண்டு இருந்துவிட்டு, அதாவது நான் பேச அவர் எழுத இருந்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தொடாமலே வந்துவிட்டேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. தினமும் காலையிலும் மாலையிலும் அவர் தன் குரலைக் கேட்டார். அக்கா சமையலறையில் பாத்திரத்தைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அலமாரிப் பக்கமிருந்து ஏம்மா வரும். அவள் உள்ளே இருந்தபடியே சிரிப்பாளாம், அழுதுகொண்டே.

ஒரு திங்கட்கிழமை நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை பதிவுகளைக் கொண்டு வாருங்கள் என்று பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை அக்கா எனக்குப் போன் செய்தாள். கம்ப்யூட்டரைப் போட்டால் டிஸ்க்கே இல்லை என்கிறதாம்.

மூடியைக் கழற்றினேன். என் டேப் அழகாக ஒட்டியிருந்தது. உரித்தேன், அடியிலிருந்து அதே அலறல் வந்தது. இத்தனை நாளும் அது நிறுத்தவே இல்லை. எது எப்போது நடந்தது என்று கார்டு தானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தது. வேறொரு டிஸ்க்கைப் போட்டு அதைத் திறந்து படித்தேன். முதல் டிஸ்க் செத்தது, அத்தான் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அக்கா கம்ப்யூட்டரைப் போட்ட பத்தாவது நிமிடம். அதற்குப் பின் இருபத்து மூன்று நாள் ஒரே ஒரு டிஸ்க்கில்தான் எல்லாம் ஓடியிருக்கிறது. அந்த இருபத்து மூன்று நாளில் எந்த நாள் என்றாலும் சரி, ஒரு புது டிஸ்க்கைச் செருகியிருந்தால் இரண்டு மணி நேர வேலை. ஒரே பெட்டியில் பிறந்த இரண்டாவதும் அதே வழியில் போய்விட்டது.

செத்த டிஸ்க்கிலிருந்து பதிவுகளை எடுத்துத் தருகிறவர்களிடம் இரண்டையும் கொண்டுபோனேன். பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். முதல் டிஸ்க்கை உடனே நிறுத்தியிருந்தால் எடுத்திருக்கலாம், செத்த பிறகும் தினமும் மின்சாரம் கொடுத்துச் சுற்றவிட்டதில் உள்ளே தட்டு தேய்ந்துவிட்டது என்றார்கள். இரண்டாவதும் அப்படியே. நாற்பத்தொரு மணி நேரத்தில் ஒரு இருமல்கூட மிஞ்சவில்லை. திருப்பிக் கொடுத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். நிலையத்தில் ஒரு பெண்ணின் இயந்திரக் குரல் நடைமேடை எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் எல்லோரும் கார்டைத்தான் திட்டினார்கள். மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்றாள் அக்கா. அவளும் தன்னையே நொந்துகொண்டாள், இன்னும் கொஞ்சம் பணம் போட்டு நல்லதாக வாங்கச் சொல்லியிருக்கலாம் என்று. நான் மறுத்துப் பேசவில்லை. எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? ஒரு சின்னப் பச்சைப் பலகை, அது வந்து சாட்சி சொல்லவா போகிறது!

அத்தானிடம் போய் எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அலமாரி இன்னும் திறந்தே இருந்தது. அவர் தன் சட்டைகளைப் பார்த்தார். அப்புறம் சிலேட்டில் எழுதினார். 'கார்டு மோசமா?' ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும், அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார் என்றே இப்போது நினைக்கிறேன்.

"கார்டு நல்ல கார்டு அத்தான். அது அன்னைக்கே சொல்லுச்சு. நாந்தான் அது வாய அடைச்சேன்."

அவர் சிலேட்டைத் துடைத்தார். சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம். அவரால் திட்ட முடியாதே. அந்தத் திட்டையெல்லாம் அவர் பதிந்து வைத்திருந்தார், எனக்கென்றே ஒரு கோப்பு இருந்தது.

இரண்டு மாதம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அக்காதான் ஒருநாள் போன் செய்து கேட்டாள், உன் போனில் அவர் அனுப்பியது ஏதாவது இருக்கிறதா என்று. நடுத்தெருவில் நின்று தேடினேன். டிரம், டோனர், டிரம், டோனர். ஏழு குரல் செய்திகள் மிஞ்சியிருந்தன. எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்கூட இல்லை. ஆறில் கார்டு வந்துச்சா என்று என்னைப் பிய்த்து எடுத்திருந்தார். ஏழாவது செய்தி, அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் அனுப்பியது. அதை நான் எப்படி அழிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு அதற்குப் பதிலும் போடவில்லை, என்ன பதில் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னக் கூப்பிடுறது ஒண்ணாச்சும் இருக்காடா?"

இல்லை. என்னிடம் பேசும்போது அவர் ஏன் ஏம்மா என்று சொல்லப் போகிறார்?

பயிற்சி கொடுக்கும் அம்மா கேட்டுவிட்டு, குரல் செய்ய இது போதாது, மணிக்கணக்கில் வேண்டும் என்றார். ஆனால் அத்தானின் கையடக்கத் திரையில் ஏழு பொத்தான் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு செய்தியைப் போட்டுக் கொடுக்க முடியும் என்றார். ஏழாவதைப் போடும் முன் அந்த அம்மாவிடம் தனியாகப் போய், இதில் முன்பாதியை வெட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கேட்டுப் பார்த்தார். வெட்டிக் கொடுத்தார்.

இப்போது வெளியாட்களிடம் அத்தான் எழுதிக் காட்டுகிறார், இல்லையென்றால் திரை யாரோ ஒருவனுடைய குரலில் வாசிக்கும். அந்தக் குரல் அவருக்குப் பிடிக்காது. என்னைக் கண்டால் முதல் பொத்தானை அழுத்துவார். 'என்ன மாப்ள, கார்டு வந்துச்சா இல்லையா?' என்று வீடு நிறையக் கேட்கும். கேலியா, குத்தலா, வெறும் வணக்கமா, எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்துடுச்சு அத்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

அக்கா வேண்டுமென்றால் அழுத்துவதற்கு ஏழாவதுதான் இருக்கிறது, அவளைப் பற்றிய பேச்சு அதில் மட்டும்தான் வருகிறது. பசித்தாலும் அதுதான், கண்ணாடியைக் காணவில்லை என்றாலும் அதுதான், சும்மா கூப்பிடுவதற்கும் அதுதான். 'உங்க அக்காகிட்டச் சொல்லாத.' அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள்.

நேற்றும் நான் இருக்கும்போது அழுத்தினார். அக்கா வந்து அவருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு, என்னதாண்டா எங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னார் என்று எப்போதும் போலக் கேட்டாள். அத்தான் என்னைப் பார்த்தார். வெட்டிய பாதி என் போனில் இருக்கிறது, எனக்கு மனப்பாடம். 'மாப்ள, ரொம்பப் பயமா இருக்குடா.' ஏதோ கார்டு விஷயம் அக்கா, மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.